பல்லுக்கு ஓர் உறை

2025ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள், வியாழக்கிழமை. மாலை நான்கு மணியாகியும் கடற்காற்று எட்டிப் பார்க்கவில்லை. கும்மிடிப்பூண்டித் திடலின் மண் வெறுங்காலைச் சுட்டது.

தொழிலாளர் தினக் கபடியின் இறுதியாட்டம். கம்பி ஆலைக்கும் வார்ப்பட ஆலைக்கும் போட்டி. நடுவர் வீரராகவன் விசிலை வாயருகே கொண்டுபோன நேரத்தில், வார்ப்பட அணியின் தலைவர் சாம்சன் கையை உயர்த்தினார்.

“சார், தீனா வாய்ல மவுத்கார்டு இல்ல. அத்தப் போட்டுக்கினு எறங்கச் சொல்லுங்க. இல்லாங்காட்டி நாங்க ஆட மாட்டோம்.”

தீனாவுக்கு உச்சந்தலை வரை கொதித்தது.

கம்பி ஆலை அணியில் பாடிப் போவதற்கு அவனை விட்டால் ஆளில்லை. ‘கபடி, கபடி’ என்ற பாட்டு நடுவரின் காதில் தெளிவாக விழ வேண்டும்; குழறினால் வெளியேற வேண்டியதுதான். பற்களின் மேல் அந்த ரப்பர் உறையை மாட்டிக்கொண்டாலோ, கபடி ‘கவவி’ ஆகிவிடும். இது சாம்சனுக்குத் தெரியாதா என்ன?

சென்ற ஆண்டு இதே திடலில் சாம்சனின் முழங்கால் பட்டுத்தான் தீனாவின் முன்பற்கள் இரண்டும் தெறித்தன. ஆவணியில் திருமணம். அதற்காகப் புதுப்பற்கள் பதித்துக்கொண்டிருந்தான். இன்னோர் அடி விழுந்தால் எலும்பு தாங்காது, பிறகு பல் பதிக்கவே வழியில்லை என்று எச்சரித்த மருத்துவர், உறையையும் கையோடு கொடுத்தனுப்பியிருந்தார்.

அதைப் பைக்குள்ளேயே வைக்கச் சொன்னவன் தீனாவின் அணித் தலைவன் ரகு. கோப்பை வந்த பிறகு பல்லைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவன் கட்சி.

“போன வருசம் பல்ல எடுத்த. இந்த வருசம் பாட்டையும் எடுக்கப் பாக்கறியா சாம்சன்?” என்றான் ரகு.

கூட்டம் கைதட்டிச் சிரித்தது. சாம்சன் நடுவரைத் தனியே அழைத்துப்போய் ஏதோ முணுமுணுத்தார்.

“காதுல ஓதிட்டான்யா,” என்றார் கோட்டோரம் நின்ற ஒருவர்.

ஓதியது பலித்துவிட்டதாகவே தோன்றியது. உறையை மாட்டினால்தான் ஆட்டம் என்று நடுவர் அறிவித்துவிட்டார். தீனா பல்லைக் கடித்துக்கொண்டு உறையை மாட்டினான்.

முதல் பாட்டிலேயே அவனுக்கு நம்பிக்கை போய்விட்டது. தன் பாட்டு தனக்கே விளங்கவில்லை. இதோ விசில், இதோ விசில் என்று முதுகு கூசியது. விசில் ஒலிக்கவில்லை. இரண்டாம் முறையும் ஒலிக்கவில்லை. நடுவருக்குப் பாம்புச் செவி என்று எண்ணிக்கொண்டு, தீனா துணிந்து ஆடத் தொடங்கினான்.

புள்ளிகள் சமமாக நின்ற கடைசிப் பாட்டில் சாம்சன் அவன் மேல் பாய்ந்தார். தோள் வந்து வாயிலேயே மோதியது. கண்ணுக்குள் மின்னல் வெட்டியது. விழுந்த வேகத்தில் தீனாவின் விரல் நடுக்கோட்டைத் தொட்டது. நாக்கு, வெற்றியை விட்டுவிட்டுப் பல்லைத்தான் முதலில் தேடியது. இரண்டும் இருந்தன.

தோழர்கள் தூக்கிய தோளிலிருந்து இறங்கியதும் தீனா நேராகச் சாம்சனிடம் போனான். “பாட்ட அடைக்கப் பாத்தீங்களே, இன்னா ஆச்சு?”

“பல்லு ரெண்டும் கீதா?”

“கீது.”

“அப்ப சரி,” என்று சொல்லிவிட்டுச் சாம்சன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

தீனா நடுவரிடம் வந்தான். “உறை போட்டும் என் பாட்டு உங்களுக்குக் கேட்டுச்சே சார், அதுவே பெருசு.”

“எங்கப்பா கேட்டுச்சு?” என்றார் வீரராகவன். “ஒரு தடவைகூடக் கேக்கல. விதிப்படி உன்னை மொதப் பாட்டுலயே வெளியேத்தியிருக்கணும்.”

“அப்புறம் ஏன் சார் விட்டீங்க?”

“எதிரணித் தலைவரே விடச் சொன்னா நான் என்ன பண்றது? ‘அவன் பாட்டு கொழறும், கண்டுக்காதீங்க சார். ஒதடு ஆடினா போதும். நாங்க தோத்தாலும் பரவால்ல, இன்னொருவாட்டி என்னால அவன் பல்லு போவக் கூடாது’ன்னு காதுல சொன்னாரே.”

தீனா திரும்பிப் பார்த்தான். சாம்சன் திடலைக் கடந்து போய்விட்டிருந்தார்.

செய்தி வெளியே தெரிந்ததும், வார்ப்பட அணியினர் சாம்சனைத் தலைமையிலிருந்து நீக்கினார்கள். ஆடியில் தீனாவின் திருமணப் பத்திரிகை அச்சாகி வந்தது. முதற்பத்திரிகையை அவன் குலதெய்வத்தின் காலடியில் வைத்தான். இரண்டாவதை எடுத்துக்கொண்டு, பொன்னேரியில் சாம்சன் வீட்டுக்குப் போக ரயிலேறினான்.