பதினெட்டாம் நம்பர் மனைக்கல்

"நீங்களே பாத்துட்டு சொல்லுங்க, யாரு முன்னாடி?"

கலைப்பிரியா செல்போனை டீக்கடை மேஜைமேல் வைத்தாள். ரேஸ் கமிட்டிக்காரர்கள் ஐந்து பேரும் கழுத்தை நீட்டினார்கள். பின்னால் அவள் அண்ணன் வல்லரசு கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

திண்டிவனம் பக்கத்தில் ஒரு லே-அவுட். தார் ரோடு போட்டாயிற்று, மனைக்கல் நட்டாயிற்று, வீடுதான் ஒன்றுகூட வரவில்லை. காணும் பொங்கலுக்கு மெக்கானிக்குகள் அங்கேதான் பைக் ரேஸ் வைப்பார்கள். நேர் ரோட்டில் கால் மைல், இரண்டு இரண்டு பைக்காக. கண்ணைக் கசக்கினால் ரேஸ் முடிந்திருக்கும்.

வீடியோவில் வல்லரசுவின் சிவப்பு பைக் அரைச் சக்கரம் முன்னால் போனது. ஆனால் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனவன் மரிய அருண். தீர்ப்பு சொன்னவர் மெக்கானிக் ஞானராஜ். மரிய அருண் அவருடைய சொந்தத் தங்கை மகன்.

அப்புறம் கேட்கவா வேண்டும்! வீடியோ வாட்ஸ்அப்பில் விழுப்புரம் வரை போய்விட்டது. 'மாமன் தீர்ப்பு' என்று பேரும் வைத்தாயிற்று.

"தொண்ணூத்தி மூணுல சைக்கிள் ரேஸ் உட்ட காலத்துலேர்ந்து உன் கையிலதான்யா கொடி இருக்குது. நீயே இப்பிடிப் பண்ணலாமா?" என்றார் கமிட்டித் தலைவர் வெங்கடாசலம்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஞானராஜுக்கு முகம் சுண்டிப்போனது. "பாப்பா, எங்க நின்னு எடுத்த?"

"பதினெட்டாம் நம்பர் மனைக்கல்லு மேல ஏறி நின்னுக்கினு எடுத்தேன். ஏன் மாமா, வீடியோ பொய் சொல்லுதுன்றீங்களா?"

"ரேஸ் முடியற கோடு போட்டது பத்தொம்பதாம் நம்பர் கல்லாண்டமா. நான் கோட்டுலயே குந்திக்கினு, ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் நட்ட சவுக்குக் கொம்பு ஒண்ண ஒண்ணு மறைக்கிற மாதிரி பாத்துக்கினு இருந்தேன். நீ ஒரு மனை இந்தாண்ட, உங்கண்ணன் போன பக்கமா நின்னு சாய்வா எடுத்திருக்க. அப்பிடி எடுத்தா கிட்டக்க போறதுதான் முந்திக்கினு போற மாதிரி தெரியும்."

இரண்டு டீ கிளாஸை எடுத்து, மேஜையில் ஒன்றை இந்த ஓரத்திலும் இன்னொன்றை எதிர் ஓரத்திலும் நேருக்கு நேராக வைத்தார்.

"தலைவரே, இந்தாண்ட வந்து குனிஞ்சி பாருங்க. ரெண்டும் சமம்தான், ஆனா..."

"டீ கிளாஸ் எந்த ஊர்லய்யா ரேஸ் ஓடிச்சி?"

கடையே சிரித்தது. ஒருத்தரும் குனியவில்லை.

ஞானராஜ் பையிலிருந்து கொடியை எடுத்தார். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட லுங்கியைக் கிழித்து அவரே தைத்த கொடி. மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

நல்லா வேணும் என்று நினைத்தாள் கலைப்பிரியா.

அப்போதுதான் பெஞ்சில் ஒரு போன் அடித்தது. மனுஷன் மறந்துவிட்டுப் போயிருக்கிறார். எடுத்துக் காதில் வைத்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் அவர் மகள் வெனிலா பொரிந்து தள்ளினாள்.

"யப்பா, நான் எடுத்த வீடியோவக் காட்டினியா இல்லையா? நம்ம அருணு முழு சக்கரம் முன்னாடி போறது பளிச்சுன்னு தெரியுது. மூணு நாளா கத்துறேன்! அதக் காட்டினா எல்லார் வாயும் மூடிக்கும். கோயிலுக்குக்கூட போவ முடியலப்பா, ஒரே பேஜாரா இருக்கு!"

கலைப்பிரியாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. போனோடு வெளியே ஓடினாள். ஞானராஜ் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, உங்ககிட்டயும் வீடியோ இருக்குதாமே! எங்ககிட்ட ஏன் காட்டல?"

அவர் போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டார்.

"வெனிலா நின்னது அருணு போன பக்கம். அவளும் உன்ன மாதிரியே ஒரு மனை இந்தாண்ட. அவன் ஜெயிச்சது ஒரு சாண்கூட இருக்காது பாப்பா. முழு சக்கரம்னு காட்டுதுன்னா அதுவும் பொய்தான? எனக்குத் தோதா இருக்குதுன்னு அத எப்பிடிக் காட்டறது?"

வண்டி போய்விட்டது.

கலைப்பிரியா உள்ளே வந்தாள். கொடியை அடுத்து யாருக்குக் கொடுப்பது என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. அண்ணன் முகத்தை அவள் பார்க்கவில்லை. யாரோ ஓரமாகத் தள்ளி வைத்திருந்த இரண்டு கிளாஸையும் எடுத்து, மறுபடி நேருக்கு நேராக வைத்தாள்.

"தலைவரே, எழுந்து இப்பிடி வாங்க. கொஞ்சம் குனியணும்."