விசை இறுகிய துப்பாக்கி

“சுடு நீலாம்பா! எவ்வளவு நேரந்தான் நான் நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்கிறது?” என்று பல்லைக் கடித்தான் சின்னத்தம்பி.

துப்பாக்கி அவன் நெஞ்சுக்கு நேராகத்தான் இருந்தது. நீலாம்பாள் இரண்டு விரலையும் விசையில் மாட்டி இழுத்தாள். அசையவில்லை.

“பேசாம கழுத்தை நெரிச்சுக் கொன்னுடட்டுமாண்ணே?”

பயப்படாதீர்கள், ஒத்திகைதான். ரங்கூனில் கொட்டகை போட்டிருந்த அப்பாசாமி நாடகக் கம்பெனியில் அவள் கதாநாயகி, அவன் திருடன் வேஷம் கட்டும் கள்ளபார்ட். கடைசிக் காட்சியில் அவள் சுடவேண்டும், அவன் சாகவேண்டும். ஆனால் ஒரு வாரமாகக் கள்ளபார்ட் லேசில் சாவதாக இல்லை.

விசை இறுகிப்போய் அவள் மேடையில் மல்லுக்கட்டுவாள். சும்மா நிற்க முடியாமல் சின்னத்தம்பி ஒரு பாட்டை எடுத்துவிடுவான். துறைமுகத்து ஆட்களும், ஆற்றுக்கு அக்கரை டாலாவிலிருந்து சம்பான் படகேறி வந்த ஜனங்களும் “ஒன்ஸ்மோர்!” என்று கூரையைப் பிய்ப்பார்கள். உடனே இன்னொரு பாட்டு.

பாதி காலியாகக் கிடந்த கொட்டகை இப்போது நிரம்பி வழிந்தது. கைதட்டல் எல்லாம் சின்னத்தம்பிக்கு. கதாநாயகி மட்டும் துப்பாக்கியும் கையுமாக மரம் மாதிரி நின்றாள்.

அன்று சனிக்கிழமை. அரிசி மில் பழனியப்பச் செட்டியார் நாடகம் பார்க்க வருகிறார். சபையை அசத்துகிறவர்களுக்குத் தங்க மெடல் என்று சொல்லியனுப்பியிருந்தார். நீலாம்பாளுக்கு இதுவரை வெள்ளி மெடல்கூடக் கிடைத்ததில்லை. இதையும் கள்ளபார்ட் கொண்டுபோய்விடுவானே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

“முதலாளி, துப்பாக்கி ரிப்பேர்காரர்கிட்டக் குடுத்துடலாமே?”

“அதெல்லாம் எதுக்கு தண்டச் செலவு? நம்ம சின்னத்தம்பியே பாத்துக்குவான்” என்றார் அப்பாசாமி. தினமும் இதே பதில்தான்.

சின்னத்தம்பியும் தினமும் பார்த்தான். நல்லெண்ணெய் ஊற்றினான், அரத்தால் ராவினான், ஒருநாள் மீசைக்கு வைத்திருந்த மெழுகைக்கூடத் தடவினான். கை வழுக்கியதே தவிர விசை நகரவில்லை.

“இன்னைக்குப் பாரு, வெண்ணெய் மாதிரி போகும்” என்று கரகரத்த குரலில் சொல்லிவிட்டு, மிளகுக் கஷாயம் குடிக்கப் போனான்.

நீலாம்பாளுக்குச் சந்தேகம் தட்டியது. இவன் சரிபண்ணுகிறானா, இன்னும் இறுக்குகிறானா? ஒன்ஸ்மோர் யாருக்காவது கசக்குமா?

மத்தியானம் கம்பெனியே உறங்கும்போது, துப்பாக்கியை முந்தானையில் சுற்றிக்கொண்டு மொகல் தெருவுக்கு ஓடினாள். அங்கே துப்பாக்கி பழுது பார்க்கும் அப்துல் ரவூப்பின் கடை இருந்தது.

“பாய், இதுல வந்து...”

என்ன கோளாறு என்றுகூட அவர் கேட்கவில்லை. வாங்கிய கையோடு ஒரே ஒரு திருகைக் கழற்றினார். உள்ளேயிருந்த தடித்த ஸ்பிரிங்கை எடுத்துப் போட்டுவிட்டு, மெல்லியதாக ஒன்றை மாட்டினார்.

“இந்தாம்மா, இனி ஊதினாலே வெடிக்கும். ராத்திரி ஆட்டத்துக்கு எனக்கு ஒரு பாஸ் மட்டும் குடுத்துடு.”

அன்று ராத்திரி கொட்டகையில் எள் போட இடமில்லை. செட்டியார் முன்வரிசையில் இருந்தார்.

“அடே பாதகா!” என்று நீலாம்பாள் விசையைத் தொட்டதுதான் தாமதம். டமார்! பாடுவதற்குத் திறந்த வாய் திறந்தபடியே சின்னத்தம்பி விழுந்தான்.

கொட்டகை முழுக்க ஒரே முழக்கம்: “ஒன்ஸ்மோர்!”

செத்தவன் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு நின்றான். மறுபடியும் டமார். மறுபடியும் ஒன்ஸ்மோர். மூன்று தடவை சுட்டாள், மூன்று தடவையும் அழகாகச் செத்தான். செட்டியார் மேடையேறி வந்து மெடலை நீலாம்பாள் கையில் கொடுத்தார். சந்தோஷத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

திரை விழுந்ததும் சின்னத்தம்பியின் முகத்துக்கு நேரே மெடலை ஆட்டினாள். “என்னண்ணே, பாட முடியலையேன்னு வருத்தமா? விசையை இறுக்கி வெச்சது நீதானே?”

“நானா?” அவன் கையெடுத்துக் கும்பிட்டான். தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்தது. “நீ நல்லா இருப்பே தாயி! இன்னும் ஒரு ராத்திரி பாடியிருந்தா நெசமாவே செத்திருப்பேன்.”

நீலாம்பாள் திருதிருவென்று விழித்தாள். அப்படியானால் யார்?

படுதாவுக்கு அந்தப் பக்கம் ஒரே கூச்சல். எட்டிப் பார்த்தாள். முதலாளி அப்பாசாமி, பாஸில் வந்திருந்த அப்துல் ரவூப்பின் சட்டையைப் பிடித்துக்கொண்டு குதித்தார்.

“ஏன்யா பாய், போன வாரம் இறுக்கறதுக்குத்தானே உனக்குக் கூலி குடுத்தேன்!”