மூன்று கார்டிலும் அதே இரைச்சல்

"இதுவும் தண்டம்!" சவுண்ட் கார்டைக் கடை மேஜையில் பொத்தென்று வைத்தேன். "மூணாவது கார்டு! விலை கம்மி, வீட்டிலேயே பாட்டு ரெக்கார்ட் பண்ணலாம்னு நீங்கதானே என் தலையில கட்டினீங்க?"

கடைக்காரர் அசரவில்லை. "என்ன கோளாறு சார்?"

"இரைச்சல்! நான் ஒவ்வொரு வரி பாடி முடிச்சதும் பின்னாடி ஏதோ சத்தம். மூணு கார்டுலயும் அதேதான். விலை கூடினதாவே காட்டுங்க, போய்த் தொலையுது."

அவர் ஹெட்போனை மாட்டி, நான் பதிவு செய்து கொண்டுபோயிருந்த பாட்டைக் கேட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"எங்க உக்காந்து பாடுறீங்க?"

"ஹால்ல. சமையலறைக்குப் பக்கத்துல."

"கல்யாணமாகி எத்தனை வருஷமாச்சு?"

"பன்னிரண்டு. அதுக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"எங்க வீட்டுலயும் இதே சத்தம்தான் சார். எந்தக் கார்டு போட்டாலும் போகாது." ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டார்.

அப்போதுதான் குரல் பிடிபட்டது. வீட்டுக்கு ஓடினேன்.

"அடிப்பாவி! கார்டு மேல தப்பே இல்ல. நான் பாடுறதை, ஏதோ பேசுறேன்னு நினைச்சு, காதுலயே வாங்காம வரிக்கு வரி உம் கொட்டியிருக்கே!"

அடுப்பை விட்டுத் திரும்பாமலே என் மனைவி சொன்னாள்:

"ம்..."