அனல் காலம்

உச்சி வெயிலில் வெளிவேலை கூடாது என்ற அரசாணையே, கோடைச் சாவுகளைப் பற்றி வாசுகியின் குழு செய்த ஆய்வை வைத்துப் போட்டதுதான். அதை முதலில் மீறியது அவளுடைய சொந்த அண்ணன். விருதுநகரில் கொத்தனாரான மாடசாமி போன சித்திரையில் சாரத்தின் மேலேயே மயங்கி விழுந்தார். பிழைத்ததே பெரிய விஷயம். எழுந்து நடமாடியதும் மறுபடி கரண்டியைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்கே போய்விட்டார்.

எதைச் சொன்னால் ஜனங்கள் கேட்கிறார்கள் என்று இந்த வருஷம் வாசுகியின் துறையில் ஆராய்ந்தார்கள். வீட்டுச் சுவர்களில் ஒளிரும் திரைக் காலண்டரில், ராகு காலம், எமகண்டத்துக்குக் கீழே, அந்தந்த ஊரின் அன்றைய சூட்டைக் கணித்து 'அனல் காலம்' என்று ஒரு வரி சேர்த்தார்கள். வாசுகிக்கு அதில் நம்பிக்கையே இல்லை.

ஒரு நாள் மத்தியானம் பயந்துகொண்டே அண்ணனுக்குப் போன் போட்டாள். "அண்ணே, சாரத்து மேலயா இருக்க?"

"அடி கூறுகெட்டவளே, அனல் காலத்துல எவனாவது செங்கல்ல கை வைப்பானா? வச்சா அந்த வீடு விளங்குமா? வேப்பமரத்தடியில படுத்திருக்கேன்," என்றார் மாடசாமி. "இம்புட்டுப் படிச்சும் நல்ல நேரம் கெட்ட நேரம் தெரியலயே உனக்கு!"

"தெரியாமப் போச்சுண்ணே," என்ற வாசுகிக்கு அப்போதுதான் போன உயிர் திரும்பி வந்தது.