கடைசிச் சாமான்

காலையிலிருந்தே எவரார்டு பிரபுவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாலு ஆட்கள் அவருடைய கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"யோவ் ஜெத்ரோ, அதையுமா? நான் எங்கய்யா படுப்பேன்?"

"பேசாம இருங்க பிரபு. பியானோ போயாச்சு, நிலைக்கண்ணாடி போயாச்சு. இப்பக் கதவைக் கழட்டறாங்க."

"என் பொண்டாட்டி பாத்தா அழுதுடுவா!"

"போன வருஷம் நீங்க அழுதது மறந்துபோச்சா?"

போன வருஷம் கௌஸ் துறைமுகப் பந்தயத்தில் அவர்கள் இப்போது நின்றிருந்த பிரபுவின் இந்தப் பாய்மரப் படகு பதினோரு நொடி வித்தியாசத்தில் தோற்றிருந்தது. படகின் பாரம்தான் காரணம் என்று கேப்டன் ஜெத்ரோ அடித்துச் சொல்லியிருந்தார். இன்று மறுபடியும் அதே பந்தயம்.

"சரி, எல்லாம் காலி. பாய் ஏத்தலாமா?" என்று கேட்டார் பிரபு.

ஜெத்ரோ படகைச் சுற்றிப் பார்த்தார். பிறகு பிரபுவின் தொந்தியைப் பார்த்தார்.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குங்க. வாங்க, கையைப் பிடிச்சு இறக்கி விடறேன்."