மாத்திரை போட்டீங்களா?

செல்போனில் ‘ஆஸ்பத்திரிப் பொண்ணு’ என்று மின்னியது. மணி காலை ஆறரை.

“மாத்திரை போட்டீங்களா சார்?”

“போட்டாச்சும்மா,” என்றார் லிஃப்ட் மெக்கானிக். உண்மையில் இன்னும் போடவில்லை. அவள் கேட்டு முடித்த பிறகு போட்டுக்கொள்வதில் அவருக்கு ஒரு சுகம்.

நேற்று சைக்கிளில் நாலாவது சுற்றைப் பாதியிலேயே நிறுத்திவிட்டீர்களே, முழங்கால் வலியா என்று விசாரித்தாள். பயிற்சியாளர் இதைக்கூடவா எழுதி வைக்கிறார் என்று அவருக்கு ஆச்சரியம். இன்றைக்குத்தான் கடைசி நாள், இல்லையா என்று கேட்டபோது அவள் குரல் இறங்கிப் போனது.

மனைவி போய் நாலு வருஷம். மகள் எப்போதாவது பேசினால் மழை, வெயிலோடு சரி. இந்தப் பன்னிரண்டு வாரமாகத்தான் மனுஷன் சாப்பிட்டானா, தூங்கினானா என்று கேட்க ஒரு ஜீவன் கிடைத்திருந்தது.

பருமனானவர்கள் மூச்சு வாங்க வாங்க சைக்கிள் மிதித்து, ஆன்டி ஆக்ஸிடன்ட் மாத்திரையும் சாப்பிட்டால் உடம்பு கூடுதலாகத் தேறுமா என்று ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வு. பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, மீதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது.

ஒப்பிட்டுப் பேசிவிடுவார்களாம், அதனால் மிதிக்க வருகிறவர்கள் ஒருவரோடொருவர் வாய் திறக்கக் கூடாது. சைக்கிள்களுக்கு நடுவே பச்சைத் திரை வேறு. வாசல் பதிவேட்டில் பெயரும் போன் நம்பரும் எழுதிவிட்டு, ஊமை மாதிரி உள்ளே போய் மிதிக்க வேண்டியதுதான்.

கடைசி நாள் மிதித்து முடித்ததும் டாக்டர் எடை பார்த்தார். ஏழு கிலோ குறைந்திருந்தது. சர்க்கரையும் இறங்கியிருந்தது. டாக்டருக்கு வாயெல்லாம் பல். மெக்கானிக் முகத்தில் ஈயாடவில்லை.

இன்னொரு பன்னிரண்டு வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள், மாவு மாத்திரை என்றாலும் பரவாயில்லை என்று கெஞ்சினார். அதான் நல்லா இளைத்துவிட்டீர்களே, இன்னும் எதற்கு என்றார் டாக்டர்.

மெக்கானிக் கூச்சத்தை விட்டுச் சொல்லிவிட்டார். “காலைல போன் பண்ணி விசாரிக்குமே ஒரு பொண்ணு... அது நாளைலேர்ந்து நின்னுடும் டாக்டர்.”

“போனா? நாங்க யாருக்கும் போன் பண்றதில்லையே.”

டாக்டர் அறையை விட்டு வெளியே வந்தார். யாரோ பன்னிரண்டு வாரமாகத் தன்னைக் கேலி செய்திருக்கிறார்கள். அவமானத்தில் காது சுட்டது. இரண்டில் ஒன்று பார்த்துவிடலாம் என்று அந்த எண்ணை அழுத்தினார்.

பயிற்சிக் கூடத்துக்குள்ளேயே மணி அடித்தது. அவருடைய சைக்கிளுக்குப் பக்கத்தில், பச்சைத் திரைக்கு அந்தப் புறம்.

திரையை விலக்கினார். ஐம்பது வயதிருக்கும், அவரைப் போலவே பருத்த ஒரு பெண்மணி. சைக்கிளை விட்டு இறங்காமல், வியர்வை வழிய, அடிக்கும் போனைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தாள். பயிற்சியாளர் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டாள். மூச்சு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“நாளைக்கு ஆறரைக்கு நீங்க கேளுங்க சார். எனக்கும் கேக்க ஆளில்ல.”