பதினொரு மேலது

பேராசிரியர் ஆய்விதழை வீசிய வேகத்தில் மேசைமேல் இருந்த கீபோர்டே ஒரு சாண் நகர்ந்துவிட்டது.

"ஏம்மா, என்னத்தை டைப் அடிச்சு வெச்சிருக்கே? என் மானமே போச்சு."

டி.டி.பி. சென்டர் நடத்தும் அம்மாள் எழுந்து நின்றாள். "என்ன சார் ஆச்சு?"

ஆனது இதுதான். பேராசிரியரின் கட்டுரையில் ஆறாம் அடிக்குறிப்பு, எதிர் அறைப் பேராசிரியரின் புத்தகம். இருபது வருடப் பகை. கிழித்துத் தொங்கவிடுவதற்கென்றே அதை எடுத்துக் காட்டியிருந்தார். ஏழாவது, ஓர் ஆராய்ச்சி மாணவியின் இன்னும் வெளிவராத ஆய்வேடு. புறத்தேர்வாளராக இருந்து அதைப் படித்தவர் இவர்தான். எட்டு முதல் பதினெட்டு வரை வெறும் 'மேலது', பக்கம் இத்தனை. அதாவது, மேலே சொன்ன அதே நூல்.

இதழுக்கு அனுப்பும் நாளில் அவருக்கு மனசு மாறிவிட்டது. நேற்று முளைத்த பெண்ணின் பெயர் நம் கட்டுரையில் எதற்கு? ஏழாம் குறிப்பை எடுத்துவிடச் சொன்னார். அந்தப் பெண் ஆய்வேட்டை இங்கேதான் அடித்தாள், இப்போது வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள், உன் ஆய்வை யாராவது மேற்கோள் காட்டியிருக்கிறார்களா என்று கேட்கிறார்களாம் என்று அம்மாள் சொல்லிப் பார்த்தாள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அச்சுக்கு முன் திருத்தத் தந்த மெய்ப்பைக்கூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

ஏழு போனது. மேலது பதினொன்றும் எண்ணில் மட்டும் ஒன்று குறைந்து, ஏழு முதல் பதினேழு வரை அப்படியே நின்றன. இப்போது அவற்றுக்கு மேலே இருப்பது எதிர் அறைக்காரரின் புத்தகம்.

இன்று காலை அந்த மனிதர் எல்லோர் முன்னாலும் இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் புத்தகத்தை இவ்வளவு ஆழமாகப் படித்தவர் நீங்கள் ஒருவர்தான் என்று நெகிழ்ந்துபோனார். பேராசிரியர் இதழைத் தூக்கிக்கொண்டு நேராக இங்கே வந்துவிட்டார்.

"மேலது பதினொண்ணையும் நீக்கவும்னு ஒரு திருத்தம் அடிம்மா."

"அடிச்சிடலாம் சார். ஆனா பக்க எண்ணோட அச்சாயிடுச்சே. அப்ப இது எந்தப் புத்தகத்துப் பக்கம்னு கேட்டா?"

விவரம் தெரியாதவள் சொன்னாலும் அதில் நியாயம் இருந்தது. பகையாளியா, அந்தப் பெண்ணா? உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். ஏழு முதல் பதினேழு வரையுள்ள மேலது யாவும் இன்ன மாணவியின் ஆய்வேட்டையே குறிக்கும் என்று பெயர், தலைப்பு, ஆண்டு எல்லாம் முழுசாக. மெயில் போன சூட்டிலேயே, அடுத்த இதழின் முதல் பக்கத்தில் போடுகிறோம் என்று பதிலும் வந்துவிட்டது.

"இனிமேலாவது மேலதுன்னா என்னன்னு தெரிஞ்சுக்கோ."

"சரிங்க சார். நான் என்னத்தைக் கண்டேன்."

படியிறங்கும்போது, உள்ளே காத்திருந்த வேறொரு மாணவி கேட்பது அவர் காதில் விழுந்தது. "அக்கா, நடுவுல ஒரு குறிப்பை எடுத்துட்டேன். கீழ மேலதுன்னு இருக்கே, அப்படியே விட்டுடலாமா?"

"விடக்கூடாதும்மா, அர்த்தமே மாறிடும். அடுத்த மேலதுல நூல் பேரை முழுசா போடணும். கேக்காமலே மாத்திக் குடுத்துடுவேன். அடுத்தவங்க பேரை எடுக்கச் சொல்றவங்களுக்கு மட்டும் அப்படியே விட்டுடுவேன்."